தாயின் தாலாட்டும் நீலாம்பரி இராகமும்

இசைக்கு முதற் பள்ளி எது என்று வினவினால், ஆசிரியரின் இல்லம் என்பர் சிலர். கோயில் மண்டபம் என்பர் வேறு சிலர். முறையாகப் பாட்டுக் கற்றவர்க்கு அவை பொருந்தும். பாட்டே கற்காத பெருமக்களுக்கும் சேர்த்து ஒரு பள்ளி உண்டு, அது தொட்டில். அப்பள்ளியின் ஆசிரியை தாய். அங்கே கட்டணமும் இல்லை, தேர்வும் இல்லை. மாணவன் உறங்கிவிட்டால் ஆசிரியைக்கு அதுவே வெற்றி!

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்களுள் நீலசந்திராவும் ஒன்று. ஆஸ்டின் டவுன், ஆனேப்பாளையம், விவேக் நகர், ஈஜிபுரம் ஆகியவற்றை அண்டையாகக் கொண்ட இப்பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள் மிகுதி. சமையலும் படுக்கையும், மூத்த பிள்ளையின் படிப்பும் இளைய பிள்ளையின் தூளியும் ஒரே அறைக்குள் அடங்கிய இல்லங்கள் பல. தெருவில் வண்டியோசை ஓய்வதில்லை. இங்கே கைக்குழந்தையை உறங்க வைப்பது எளிய செயலன்று என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர்.

ஆதலின், அண்மைக் காலத்தில் ஒரு வழக்கம் பரவி வருகின்றது. தூளியின் தலைமாட்டில் கைப்பேசியை வைத்து, ‘குழந்தைகளுக்கான சாஸ்திரீய இசை’ என்று தொகுக்கப்பட்ட பாடல்களை இரவு முழுதும் ஒலிக்க விடுகின்றனர். பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் தாய்க்கு இது ஒரு துணை என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், இசை குழந்தையை உறங்க வைப்பது உண்மையா, அதற்கு ஏற்ற இசை எது, தாயின் குரலுக்கு மாற்றாகக் கருவி நிற்க இயலுமா என்னும் மூன்று வினாக்கள் இங்கு எழுகின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தாலாட்டின் தொன்மை

‘தால்’ என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவை அசைத்து ஒலியெழுப்பிக் குழந்தையைத் தூங்கச் செய்தலின் தாலாட்டு எனப்பட்டது என்பர். சொல்லின் தோற்றமே, கருவி எதுவும் வேண்டாத கலை இது என்பதைக் காட்டுகின்றது. வீணை வேண்டா, மத்தளம் வேண்டா, நாவும் மூச்சும் போதும்.

குழந்தையைப் பாட்டுடைத் தலைமகனாக்கிப் பாடலாம் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் காண்பர் புலவர். ஆழ்வார்களுள் பெரியாழ்வார், தம்மை யசோதையாகவே எண்ணிக் கண்ணனைத் தொட்டிலிட்டுத் தாலேலோ பாடியிருக்கின்றார். அப்பதிகத்தில் நான்முகன் தொட்டிலை அனுப்புகின்றான். ஏனைத் தேவர்கள் அணிகலன்களை அனுப்புகின்றனர். மண்ணில் தாய்மாமன் கொணரும் சீர்வரிசையை விண்ணவர் மேல் ஏற்றிப் பாடிய அழகை என்னென்பது! பிற்காலத்தே இம்மரபு வளர்ந்து பிள்ளைத்தமிழ் என்னும் தனி நூல்வகை ஆயிற்று. அதன் பத்துப் பருவங்களுள் காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக வருவது தாலப் பருவம். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடிய பிள்ளைத்தமிழ் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் இரு பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றில் இராமனைத் தாலாட்டுகின்றார். அதற்கு முந்தியதில் தேவகியின் துயரத்தைப் பாடுகின்றார். தேவகி கண்ணனைப் பெற்றவள், வளர்த்தவளோ யசோதை. தான் பெற்ற பிள்ளையைத் தொட்டிலிட்டுத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று அவள் புலம்புகின்றாள். பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கு வந்து, கைக்குழந்தையைத் திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ பாட்டியிடம் விட்டிருக்கும் தாய்மார் நம்மிடையே உளர். அவர்கட்குத் தேவகியின் புலம்பல் பழங்கதை அன்று.

நீலாம்பரியின் இயல்பு

தாலாட்டு என்றவுடன் இசையறிந்தோர் நினைவுக்கு வருவது நீலாம்பரி. நம் பேட்டையின் பெயரிலும் ‘நீலம்’ முன்னிற்பது தற்செயலே ஆயினும், நினைக்க இனிதாகவே இருக்கின்றது!

நீலாம்பரி, 29-ஆவது மேளகர்த்தாவாகிய தீரசங்கராபரணத்தில் பிறந்த இராகம். அதன் சுரங்கள் நேராக ஏறி நேராக இறங்குவதில்லை. ஏறும்போது தைவதம் வரை சென்று, மீண்டும் பஞ்சமத்துக்குத் திரும்பி, அதன் பின்னரே நிஷாதத்தைத் தொடுகின்றது. இறங்கும்போதும் ரிஷபத்தை அடைந்து, ஒருமுறை காந்தாரத்தைத் திரும்பிப் பார்த்த பின்னரே சட்ஜத்தில் அமர்கின்றது. முன் சென்று பின் வந்து, மறுபடியும் முன் செல்லும் இந்நடை ஆடும் தொட்டிலின் நடையே அன்றோ! விரைவான சுரக்கோவைகளுக்கு இவ்விராகம் இடந்தருவதில்லை. நீண்ட அசைவுகளோடு விளம்பமாகப் பாடினாலன்றி அதன் உருவம் விளங்காது.

தியாகராசர், இராமபிரானை ஊஞ்சலில் ஆட்டும் தம் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனையை நீலாம்பரியில் அமைத்தார். முத்துசாமி தீட்சிதர், நாகப்பட்டினத்து நீலாயதாட்சி அம்மன் மேல் இவ்விராகத்தில் பாடியுள்ளார். கோயில்களில் இரவு பள்ளியறைக்குச் சுவாமி எழுந்தருளும் வேளையில் நாகசுரத்தில் நீலாம்பரி வாசிப்பதும் மரபு. இறைவனையே உறங்க வைக்கும் இசை, இல்லத்துக் குழந்தையை உறங்க வைப்பதில் வியப்பென்ன?

நீலாம்பரியோடு குறிஞ்சி, நவரோசு என்னும் இராகங்களும் தாலாட்டுக்கு உரியவை. இவை மத்திம சுருதியில் பாடப்படுபவை. குறுகிய எல்லைக்குள் உலவுபவை. குறிஞ்சியில் மேல் ஸ்தாயிச் சட்ஜத்தைத் தொடுவதே இல்லை. குரலை உயர்த்திக் கூவ வேண்டிய தேவை எழாது. களைத்திருக்கும் தாயும் மெல்லிய குரலில் பாடலாம். கற்றோர் அரங்கில் பாடும் இவ்விராகங்கள், கல்லாத தாய்மாரின் பாட்டிலிருந்தே எடுத்துச் செம்மை செய்யப்பட்டவை என்று இசைவாணர் பலர் கருதுவர். ‘எங்களுக்குச் சங்கீதம் தெரியாதே’ என்று தயங்கும் தாய்மார் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். சங்கீதம் அவர்களுடைய பாட்டியரிடமிருந்தே கடன் பெற்றிருக்கின்றது.

அண்டை வீட்டுத் தாலாட்டு

நாம் வாழும் கன்னட நாட்டில் தாலாட்டை ‘ஜோகுளா’ என்பர். தொட்டில் அவர்கட்குத் ‘தொட்டிலு’. நாம் ‘ஆராரோ’ என்பதை அவர்கள் ‘ஜோ ஜோ’ என்பர். புரந்தரதாசர் கண்ணனைக் கன்னடத்தில் தாலாட்டிய பாடல்கள் இன்றும் இல்லந்தோறும் பாடப்படுகின்றன. தெலுங்கர் ‘லாலி’ பாடுவர்; மலையாளத்தில் ‘தாராட்டு’ என்பர். திருவிதாங்கூரில் 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய தாராட்டு உலகறிந்தது. அது முழுவதும், இக்குழந்தை திங்களோ, தாமரையோ, தேனோ என்று அடுக்கிச் செல்லும் வினாக்களால் ஆனது. உறங்கு என்று ஏவும் சொல்லே அதில் இல்லை. ஆயினும் குழந்தை உறங்கிவிடுகின்றது!

நீலசந்திராவில் ஒரே சுவரின் இப்பக்கம் தமிழ்க் குடும்பமும், அப்பக்கம் கன்னடக் குடும்பமும், எதிரே உருது பேசும் குடும்பமும் வாழ்தல் இயல்பு. பகலில் மொழியின் பெயரால் வேறுபாடு பேசுவோர் உண்டு. இரவில் மூன்று வீட்டுத் தொட்டில்களும் ஒரே நடையில்தான் ஆடுகின்றன. இசையிலும் இவ்வுறவு பழமையானதே. திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக்குக் கோயில் எழுப்பி, 1925-இல் குடமுழுக்குச் செய்வித்த பெருமாட்டி, பெங்களூர் நாகரத்தினம்மாள் அன்றோ! காவிரிக் கரையில் பிறந்த நீலாம்பரிக் கீர்த்தனைக்கு நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒருவரே காவலராக நின்றார் என்பது நமக்குப் பெருமை.

அறிவியல் கூறுவது என்ன?

தாலாட்டின் பயனை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்தனர். இக்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை அளந்து காட்டியுள்ளனர்.

கருவிலுள்ள குழந்தை, பிறப்பதற்குச் சில மாதங்கட்கு முன்பே ஓசையை உணரத் தொடங்கிவிடுகின்றது. 1980-இல் டிகாஸ்பர், பைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளைச் சோதித்தனர். பால் அருந்துவது போன்று இரப்பர்க் காம்பைச் சப்பும் முறையை மாற்றினால் தாயின் குரல் ஒலிக்குமாறு அமைத்தபோது, பிற பெண்ணின் குரலைக் காட்டிலும் தாயின் குரலைக் கேட்கவே குழந்தைகள் முயன்றன. குழலும் யாழும் இனியவை என்போரை வள்ளுவர் எள்ளி நகையாடினார். பெற்றோர்க்கு மழலையே இனிது என்றார். குழந்தையைக் கேட்டால், அதற்கும் குழல் யாழினும் தாயின் குரலே இனிது என்று கூறும் போலும்!

2013-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளிலிருந்த 272 குறைமாதக் குழந்தைகள் கவனிக்கப்பட்டன. பெற்றோர் தாமே விரும்பித் தேர்ந்த பாடலை, பயிற்சி பெற்றோர் உதவியுடன் தாலாட்டாக மெல்லப் பாடியபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானமடைந்தது. பாலருந்துதலும் உறக்கமும் சீர்பட்டன. பெற்றோரின் மனக்கலக்கமும் தணிந்தது. பெயர் பெற்ற பாட்டு எது என்று தேடாமல், அந்தந்தக் குடும்பத்துக்கு உரிய பாட்டையே அவர்கள் எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

கனடாவின் மாந்திரியல் நகரில் நிகழ்ந்து 2016-இல் வெளியான சோதனை ஒன்றில், குழந்தைகள் அறியாத துருக்கிய மொழிப் பாடலைக் கேட்டபோது அழத் தொடங்காமல் ஏறத்தாழ 9 நிமிடங்கள் அமைதியாக இருந்தன. வெறும் பேச்சைக் கேட்டபோது அவ்வமைதி ஏறத்தாழ 4 நிமிடங்களே நீடித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020-இல் வெளியிட்ட ஆய்வோ, அயல்மொழித் தாலாட்டைக் கேட்கும்போதும், தாலாட்டல்லாத பாட்டைக் கேட்பதைவிடக் குழந்தைகள் மிகுதியாக அமைதியுறுவதைக் காட்டிற்று. விளம்ப நடை, சிறிய எல்லை, மீண்டும் மீண்டும் வரும் தொடர் என்னும் தாலாட்டின் பண்புகளை உலகத்து மக்கள் பலரும் தம் போக்கில் கண்டுகொண்டிருக்கின்றனர்.

விளம்பரங்களில் மயங்கற்க

இசை உறக்கத்திற்குத் துணை செய்யும் என்பது மெய். ஆனால், சாஸ்திரீய இசையைக் கேட்ட குழந்தை அறிவாளியாகிவிடும் என்று கூறி விற்கப்படும் பொருள்களை நம்பிப் பணத்தை இழத்தல் வேண்டா. இந்நம்பிக்கையின் தோற்றம் 1993-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு. அதில் மொசார்ட்டின் இசையைக் கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒன்றேனும் அதில் இல்லை. கண்ட பயனும் சிறிது நேரமே நின்றது. அதனைக் குழந்தைகளின் மேலேற்றி வணிகம் பெருகிற்று. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க முற்படும் அளவுக்கு அம்மயக்கம் வளர்ந்தது!

ஒலியின் அளவும் கருதத்தக்கது. குழந்தைகளை உறங்க வைக்கவென்று விற்கப்படும் 14 ஒலிக்கருவிகளை 2014-இல் சோதித்தபோது, ஏறத்தாழ ஓரடித் தொலைவில் வைத்தபோது அவையனைத்தும், முழு ஒலியில், மருத்துவமனைக் குழந்தை அறைகளுக்கு வகுத்த 50 டெசிபெல் வரம்பைத் தாண்டின. 50 டெசிபெல் என்பது அடக்கமான உரையாடலின் ஓசை. காதருகே வைத்து இரவெல்லாம் ஒலிக்கும் கைப்பேசி எத்தகைய தீங்கு செய்யக்கூடும் என்பதை நாமே உய்த்துணரலாம். கைப்பேசியின் திரையோ இன்னும் தீது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையைக் காட்டுதலே வேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், அதன்பின் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று.

இல்லத்தில் செய்யத்தக்கவை

நம் சிறிய வீடுகளுக்கு ஏற்ற சில முறைகளை இங்கே கூறுவோம்.

நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே பாட்டைப் பாடுதல் நன்று. இரண்டு மூன்று பாட்டுகள் போதும். பழகிய பாட்டு எழுந்தவுடன் உறங்கும் நேரம் வந்தது என்று குழந்தை உணர்ந்துகொள்ளும். விளக்கொளியைக் குறைத்து, உரத்த பேச்சை நிறுத்திய பின் தொடங்குக. முதலில் குழந்தையின் அழுகைக்கு ஈடுகொடுக்கும் அளவில் பாடி, வரவரக் குரலைத் தாழ்த்தி, நடையையும் தளர்த்தி, இறுதியில் சொல்லின்றி முணுமுணுப்பாக முடித்தலே பாட்டியரின் முறை.

அழும் குழந்தையைத் தோளிலிட்டு ஐந்து நிமிடம் நடந்து, உறங்கிய பின் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை மடியில் வைத்திருந்து பின் கிடத்தினால், அது விழித்தெழுதல் குறையும் என ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2022-இல் கண்டறிந்தனர். அறைக்குள் நடக்க இடமில்லையேல் வாசற்படிக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே நடக்கலாம். பாட்டும் உடன் நடக்கட்டும்.

இசைத்தட்டோ கைப்பேசியோ பயன்படுத்த நேர்ந்தால், அதனை அறையின் மறுகோடியில் வைத்து, அருகிலுள்ளோர் குரலுயர்த்தாமல் பேசக்கூடிய அளவிற்கு ஒலியைத் தாழ்த்துக. குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுக. குரல் நீலாம்பரியோ குறிஞ்சியோ எதுவாயினும், பக்கவாத்தியங்கள் குறைந்த பாடலே ஏற்றது.

உறங்கும் குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவர். கெட்டியான, சமமான படுக்கையே உறக்கத்திற்குப் பாதுகாப்பானது. புடவைத் தூளியில் ஆட்டுவதாயின் அருகில் பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். உறங்கியபின் எடுத்துப் படுக்கையிற் கிடத்துதல் நன்று. சிறு பிள்ளைகளை ஆட்டவிட்டு வெளியே செல்லல் ஆகாது. எத்தனை பாடியும் அழுகை தணியாவிடின், பசியோ ஈரமோ காய்ச்சலோ என்று நோக்கி, வேண்டின் மருத்துவரை அணுகுக. தாலாட்டு மருந்தன்று.

தந்தையரும் பாடலாம். இரவுப் பணி முடித்து வரும் தந்தை, விடியலில் விழித்த குழந்தையைத் தோளிலிட்டுப் பாடினால், தாய் ஒரு மணி நேரமேனும் கண்ணயர்வாள். குரல் கட்டையாயிருந்தால் குழந்தை குறை கூறாது!

பாட்டில் அடங்கிய உறவும் மொழியும்

தாலாட்டு உறக்கத்திற்கு மட்டும் உரியதன்று. நாட்டுப்புறத் தாலாட்டில் மாமன் வருவான், அத்தை வருவாள், பாட்டி வருவாள்; யார் அடித்ததால் அழுகின்றாய் என்று ஒவ்வொருவர் மேலும் ஐயங் கொள்வதுபோல் அத்தனை உறவுப் பெயர்களையும் தாய் சொல்லிவிடுவாள். தாய் பிறந்த ஊரும், அவ்வூர் ஏரியும், குலதெய்வமும் இடம்பெறும். தன் மனத் துயரையும் பிறர் அறியாமல் அதில் வைத்துப் பாடிக்கொள்வாள். கி. வா. ஜகந்நாதன் 1958-இல் பதிப்பித்த ‘மலையருவி’ போன்ற தொகுப்புகள், ஏட்டில் ஏறாத மக்கள் பாடல்களை நமக்குக் காத்துத் தந்தன. ஆண்மகவையே மிகுதியும் போற்றிய பழம் பாடல்களின் குறையை உணர்ந்து, பாரதிதாசன் பெண் குழந்தைக்கெனத் தனித் தாலாட்டுப் பாடினார். காலத்திற்கேற்ப நாமும் புதிய சொற்களை ஏற்றலாம், தவறில்லை.

பெங்களூரில் வளரும் நம் பிள்ளை, பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் கற்கும், கற்கவே வேண்டும். தமிழை அது எங்கே கற்கும்? தமிழ்ப் பள்ளிகள் அருகி வரும் இந்நகரில், வீடே தமிழ்ப் பள்ளி. அதன் முதல் வகுப்பு தொட்டில். கைப்பேசி நீலாம்பரியைப் பாடும்; பிழையின்றியும் பாடும். ஆயினும் அதற்குக் குழந்தையின் பெயர் தெரியாது. அதன் மாமனின் ஊர் தெரியாது. குழந்தை கண்மூடிற்றா என்று நோக்கிக் குரலைத் தாழ்த்தவும் தெரியாது.

ஊரிலுள்ள பாட்டியர்க்கு அகவை ஏறிக்கொண்டிருக்கின்றது. அவர்கள் நெஞ்சில் இருக்கும் தாலாட்டுகள் பல எந்த நூலிலும் இல்லை. இவ்வாண்டு பொங்கலுக்கோ திருவிழாவிற்கோ ஊர் செல்லும் குடும்பத்தினர், பாட்டியின் அருகே அமர்ந்து ஒரு தாலாட்டையேனும் கேட்டு எழுதி வருக; அவர் குரலைக் கைப்பேசியில் பதிவும் செய்க. அக்கருவிக்கு இதனினும் நல்ல பயன் வேறில்லை. பின் அதனைக் கேட்டுக் கற்றுத் தம் குரலிலேயே பாடுக. நீலசந்திராவின் ஒரு சிறு அறையில் இன்றிரவு எழும் அத்தாலாட்டைக் கேட்டு உறங்கும் மகள், நாளை தன் மகவுக்கு அதனைப் பாடுவாள். ஊர் மாறினும் பாட்டு மாறாமல் வாழும்.